எண் பெருத்தால் எஃகு உயராது

சட்டைப் பைக் கருவிகளில் ஆர்வமுள்ள நாலு பேர் கூடினால் போதும். அவரவர் வைத்திருப்பதை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, மணிக்கணக்கில் பேசுவார்கள். நல்ல பொழுது அது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு தீர்ப்பு தவறாமல் வந்து விழுகிறது: “விக்டோரினாக்ஸ் பார்க்க அழகுதான், ஆனால் எஃகு மட்டம். வெறும் 56. இந்தக் காலத்தில் 60-க்குக் கீழே யார் வாங்குவார்கள்?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்துவதே என் தொழில். அதனால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நம்பிக்கை: கடினம் கூடக்கூடக் கத்தி உயர்ந்தது.

உண்மை: அந்த 56 எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ராக்வெல் சி சோதனையில், கூம்பு வடிவ வைர முனையை 150 கிலோ விசையோடு எஃகின் மேல் அழுத்துவோம். முனை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை வைத்து எண் கிடைக்கும்; ஆழம் குறைந்தால் எண் கூடும். அவ்வளவுதான். கீழே விழுந்தால் கூரில் பல் விழுமா, நெம்பினால் முறியுமா, துருவைத் தாங்குமா, வீட்டிலேயே தீட்ட முடியுமா, இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த எண்ணில் பதில் கிடையாது.

எஃகைத் தழல்போலச் சிவக்கச் சூடேற்றி, சட்டென்று குளிர வைத்தால் கடினம் உச்சத்துக்குப் போகும். அந்த நிலையில் ஓங்கித் தட்டினால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். ஆகவே மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதத்துக்குக் கொண்டுவருகிறோம். கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் முறியாத உறுதி கிடைக்கும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அந்தப் பாகம் செய்யப்போகும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும்.

விக்டோரினாக்ஸ் செய்திருப்பது இதைத்தான். அலகுக்கு 56, ரம்பம், கத்தரி, நக அரம் ஆகியவற்றுக்கு 53, ஸ்க்ரூடிரைவர், டப்பா திறப்பான், குத்தூசிக்கு 52, தக்கை திருகிக்கும் உள்ளே இருக்கும் வில்லுக்கும் 49. ஒரே கைப்பிடிக்குள் நான்கு விதப் பதம்! இறுகிப்போன திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்து முழு பலத்தோடு திருப்பும்போது அதன் முனையின் இரு ஓரங்களும் முறுக்கு விசையைத் தாங்க வேண்டும். அந்த முனையை 62-க்குக் கடினமாக்கினால் ஓரம் உடைந்து போகும், 52-ல் தாங்கும். வில்லோ ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் வளைந்து நிமிர்கிறது. அது விறைப்பாக இருந்தால் முறிந்துதான் போகும். 56 என்ற ஒரே எண்ணை வைத்து முழுக் கருவியையும் எடைபோடுகிறவர்கள் அலகைத் தாண்டி வேறெதையும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

லெதர்மேன் பக்கம் வாருங்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த டிம் லெதர்மேன், 1975-ல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, ‘இந்தக் கத்தியோடு ஒரு குறடும் இருந்தால்?’ என்று யோசித்தார். அதிலிருந்து பிறந்த கருவி 1983-ல் விற்பனைக்கு வந்தது. இன்றும் அந்த நிறுவனத்தின் பல மாதிரிகளில் அலகு 420எச்.சி. என்ற எளிய எஃகுதான். 2024-ல் வந்த ‘ஆர்க்’கில் மேக்னாகட் என்ற புதிய எஃகு உண்டு. அதுவும் அலகுக்கு மட்டுமே. தவிர, உலோகவியலாளர் லாரின் தாமஸ் அந்த எஃகை வடிவமைத்ததே கடினம், உறுதி, துரு எதிர்ப்பு மூன்றையும் சமநிலைப்படுத்தத்தான். எண்ணை மட்டும் ஏற்றுவதற்கு அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிதாகக் கொண்டாடப்படும் எஸ்30வி எஃகில் சுமார் 4 விழுக்காடு வனேடியம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு, சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. கல் அதை எளிதில் கடிக்காது. வைரப் பொடி பதித்த தகடு வேண்டும். கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மை. போன பிறகு என்ன செய்வீர்கள்? உங்கள் கத்தியை விளக்குக்கு நேரே, கூர் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது. மெல்லிய வெள்ளிக்கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கிவிட்டது. 62 என்று பெருமை பேசுகிறவர்களின் கத்திகளில் நுனி முதல் அடி வரை இந்தக் கோட்டைப் பார்க்கிறேன். தீட்டிய 56, மழுங்கிய 62-ஐ எப்போதும் வெல்லும்.

நம்பிக்கை: ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது.

உண்மை: பிடிக்கும். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிக் காக்கும். உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்களும், வியர்க்க வியர்க்கப் பையில் வைத்திருப்பவர்களும், மாங்காய் நறுக்கி அப்படியே மடக்குகிறவர்களும் கவனியுங்கள்: வெந்நீரில் போட்டு நாலைந்து முறை திறந்து மூடி, நன்றாக உலர்த்தி, கீல்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

நம்பிக்கை: கருவிகள் எத்தனை அதிகமோ அத்தனை பயன்.

உண்மை: வெங்கர் நிறுவனத்தின் ‘ஜயண்ட்’ 87 கருவிகளும் 141 பயன்பாடுகளும் கொண்டது. அதை யார் பையில் போட்டுக்கொண்டு நடப்பார்கள்? 58 மில்லிமீட்டர் நீளமுள்ள ‘கிளாசிக்’ சாவிக்கொத்தில் தொங்கும். கையில் இருக்கும் கருவிதான் உதவும்.

நம்பிக்கை: சிவப்புக் கைப்பிடிக் கத்திதான் சுவிஸ் சிப்பாய்க்குக் கொடுக்கப்பட்டது.

உண்மை: இல்லை. சுவிட்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை வைத்திருந்த, விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்சனர் 1891 முதல் ராணுவத்துக்குக் கொடுத்தது மரப்பிடி போட்ட கனமான கத்தி. தக்கை திருகியோடு 1897-ல் அவர் பதிவுசெய்த இலகுவான அதிகாரிகள் கத்தியை ராணுவம் வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள்.

நம்பிக்கை: குறடு இருக்கிறதே, கரண்ட் வேலைக்கும் போதும்.

உண்மை: இது உயிர் போகும் அறியாமை. பெரும்பாலான மல்டிடூல்களின் கைப்பிடி வெறும் உலோகம். 230 வோல்ட் நேராகக் கைக்கு ஏறும். பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பதும் காப்பாகாது. மின்வேலைக்கு 1000 வோல்ட் முத்திரையுள்ள, உறையிட்ட கட்டிங் பிளேயர் தனியாக வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

நம்பிக்கை: சின்னக் கத்திதானே, விமானத்தில் விடுவார்கள்.

உண்மை: கைப்பையில் விடமாட்டார்கள். பெட்டியில் போட்டு செக்-இன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள சாதாரணக் கல்லே போதும். நீர் விட்டு, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிச் சாய்வில், அவசரப்படாமல் தீட்டுங்கள். அதிவேகச் சக்கரத்தில் தண்ணீரில்லாமல் தீட்டக் கொடுக்காதீர்கள். கூர் ஓரம் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள், பிறகு எந்த எஃகும் நிற்காது. தெருவில் சாணை பிடிக்க வருபவரிடமும் சக்கரத்தில் நீர் விட்டுத் தீட்டச் சொல்லுங்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பு மறைந்துபோன ஊர்களில், பத்து வயதுப் பிள்ளைக்குக் கூர் தீட்டக் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் கடமை. அருவாமனையில் தொடங்கலாம். தீட்டத் தெரிந்த பிள்ளை நாளை கடையில் கத்தி வாங்கும்போது, பெட்டியில் அச்சடித்த எண்ணைக் கேட்டு ஏமாறாது.