பச்சையைத் தொலைத்த கொடிக்குப் பசுங்கணிக டி.என்.ஏ. எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் வேலிகளில் அம்மையார் கூந்தல் மஞ்சள் நூல் மாதிரி படர்ந்து கிடக்கிறது. இலையும் இல்லை, பச்சையும் இல்லை. பாடப்புத்தகம் இதை முழு ஒட்டுண்ணி என்கிறது. இதன் செல்களில் பசுங்கணிகம் இருக்குமா? இருந்தால் அதிலுள்ள டி.என்.ஏ.வுக்கு இனி என்ன வேலை?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இரண்டும் இருக்கின்றன. அம்மையார் கூந்தல் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த உறவை வைத்தே கணக்குப் பார்த்துவிடலாம். சர்க்கரைவள்ளியின் பசுங்கணிக டி.என்.ஏ. சுமார் 1,61,000 கார இணைகள் நீளம். நம் வேலிகளில் படரும் கஸ்குட்டா ரிஃப்ளெக்சாவில் அது ஏறத்தாழ 1,21,500. வட அமெரிக்காவின் கஸ்குட்டா குரோனோவியில் 87,000கூட இல்லை. சுருங்கியிருக்கிறதே தவிர, காணாமல் போகவில்லை.

பாடப்புத்தகம் சொல்லும் ‘முழு’ என்பதைக் கொஞ்சம் தளர்த்தியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்டைக் கிள்ளி உற்றுப் பார்த்தால் மஞ்சளுக்குள் இளம்பச்சை தெரியும். சாறு கடத்தும் குழாய்களை ஒட்டிய செல்களில் பச்சையம் இருக்கிறது. சிறிதளவு ஒளிச்சேர்க்கையும் நடக்கிறது. அதை நம்பிப் பிழைக்க முடியாது, அவ்வளவுதான். இதன் பசுங்கணிக டி.என்.ஏ.விலிருந்து கழன்றுபோனவற்றுள் முக்கியமானவை என்.டி.எச். என்ற வகை மரபணுக்கள். ஒட்டுண்ணி வாழ்க்கைக்கு மாறிய செடிகள் பலவற்றிலும் முதலில் போவது இவைதாம்.

உங்கள் கேள்விக்குச் சரியான சோதனை, பச்சையத்தை அறவே இழந்த செடிதான். 1986-ல் ஜப்பானில் புகையிலை, மார்கான்ஷியா என்ற சிறுசெடி இரண்டின் பசுங்கணிக டி.என்.ஏ.வும் முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்டன. ஆறு ஆண்டு கழித்து, 1992-ல், அமெரிக்க பீச் மரத்தின் வேரை உறிஞ்சி வாழும் எபிஃபேகஸ் என்ற செடியினுடையது வெளியானது. மொத்த நீளம் சுமார் 70,000. ஒளிச்சேர்க்கை மரபணு ஒன்றுகூட உருப்படியாக இல்லை. மிஞ்சியவை 42 மரபணுக்கள். அவற்றில் குறைந்தது 38, மற்ற மரபணுக்களைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் முதலிய தளவாடங்களுக்கானவை. அந்தத் தளவாடம் யாருக்காக? மீதி நாலு மரபணுக்களுக்காக!

சிரிப்பாக இருக்கிறதல்லவா? காரணம் இருக்கிறது. பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த சயனோபாக்டீரியா. செல்லுக்குள் குடியேறிய பிறகு அதன் மரபணுக்களில் பெரும்பாலானவை தொலைந்தன, அல்லது செல்லின் உட்கருவுக்கு இடம் மாறின. ஆனால் சர்க்கரை தயாரிப்பது மட்டுமே அதன் வேலை அல்ல. கொழுப்பு அமிலம், சில அமினோ அமிலங்கள் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. எபிஃபேகஸில் மிஞ்சிய நாலில் ஒன்றான ஏசிசி-டி, கொழுப்பு அமிலத் தயாரிப்புக்கு வேண்டியது. உணவை மரத்திடம் திருடலாம்; இந்த வேலையை விட்டுவிட முடியாது. அந்த ஒரு மரபணு அங்கே இருக்கும்வரை அதைப் படிக்கும் ஏற்பாடு முழுவதையும் வைத்துப் பராமரித்தாக வேண்டும்.

அந்த வேலையையும் உட்கருவுக்கு மாற்றிவிட்டால்? மாற்றிய செடிகள் உண்டு. நெல்லில் ஏசிசி-டி உருக்குலைந்த மிச்சமாகத்தான் கிடக்கிறது. உட்கருவிலுள்ள வேறொரு மரபணு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கடைசிப் படியையும் தாண்டிய செடிகளும் இருக்கின்றன. பிலிப்பைன்ஸின் ரஃப்லேசியா என்ற ஒட்டுண்ணிச் செடி ஒன்றில் எவ்வளவு தேடியும் பசுங்கணிக ஜீனோம் கிடைக்கவில்லை என்று 2014-ல் அறிவித்தார்கள். அருணாசலப் பிரதேசக் காடுகளிலும் பூக்கும் அதன் உறவான சாப்ரியாவிலும் அது அடியோடு போய்விட்டது என்பது 2021-ல் உறுதியானது. பூக்கும் தாவரங்களில் இது அபூர்வம்.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் செடியிலேயே இல்லை, மலேரியாக் கிருமியில் இருக்கிறது. அதன் முன்னோர் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கிய வகையில் வந்த கணிகம் இன்னும் அதற்குள் இருக்கிறது, வெறும் 35,000 கார இணைகளுடன். வெளிச்சமே படாத இரத்தத்தில் அதற்கு ஒளிச்சேர்க்கை எதற்கு? ஆனால் ஐசோப்ரீனாய்டு என்ற பொருளை அந்தக் கணிகம்தான் தயாரித்துத் தருகிறது. அதன் ரைபோசோம் பாக்டீரியா வகை என்பதால் டாக்சிசைக்ளின் என்ற மருந்து அதை முடக்கிவிடுகிறது. மருந்து பட்ட கிருமி உடனே சாவதில்லை. அடுத்த தலைமுறைதான் சாகிறது. அதனால்தான் மலேரியா சிகிச்சையில் டாக்சிசைக்ளினை மட்டும் தனியாக நம்பாமல், வேகமாக வேலை செய்யும் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.