413 என்னும் எண்

கேமரன் மலையில், பிரிஞ்சாங் அருகே தேயிலைத் தோட்டத்தில் வாழும் மாணவி ஒருத்தி, கொழுந்து பறிப்பதைப் பற்றிய 40 மெகாபைட் காணொளியைப் பள்ளியின் இணையத்தளத்திற்கு அனுப்புகிறாள் என்று கொள்வோம். இன்றிரவே கடைசி நேரம். பாதியில் தொடர்பு அறுகிறது. மலைச்சரிவில் அலைவரிசை தடைபடுவது புதிதன்று. எனவே, கைப்பேசியோடு மேட்டில் ஏறுகிறாள். அங்கும் அதே கதைதான்.

கோப்புகளைப் பெறும் கணினியை வழங்கி என்கிறோம். பெரிய கோப்புகளால் திணறாதிருக்க, அது ஒரு வரம்பை வைத்திருக்கும். என்ஜின்எக்ஸ் என்னும் வழங்கி மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால் அவ்வரம்பு வெறும் 1 மெகாபைட். அதை மீறினால், 'அளவு மிஞ்சியது' எனப் பொருள்படும் 413 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். ஆனால், கோப்பை முழுதும் வாங்குமுன்பே வழங்கி கதவைச் சாத்திவிடுவதுண்டு. அப்போது உலாவி அந்த எண்ணைக் காட்டாது. 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று மட்டுமே சொல்லும். அவள் மலையைக் குறைகூறியதில் வியப்பென்ன?

சோதித்துப் பார்க்கலாம். சிறிய படம் அதே தளத்திற்கும், அதே காணொளி வேறொரு தளத்திற்கும் தடையின்றிப் போய்ச் சேர்ந்தால், சிக்கல் பெரும்பாலும் வரம்பில்தான். மீண்டும் மீண்டும் அனுப்புவது வீண். காணொளியின் அளவைக் குறைக்கலாம்; அல்லது, தளத்தைப் பராமரிப்பவரிடம் வரம்பை உயர்த்தக் கேட்கலாம். அனுப்பும் பொத்தானின் அருகே 'இவ்வளவுதான் ஏற்கப்படும்' என்று அவர் முன்னரே எழுதியிருந்தால், அவள் மேடேறியிருக்க வேண்டியதே இல்லை.