அடைக்கலமும் அபய தானமும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட பன்னிரண்டு விரதங்களுள் இறுதியாக நிற்பவை சிக்ஷா விரதங்கள் நான்கு. அந்நான்கனுள்ளும் கடைசியாக ஸ்ரீ சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வையாவிருத்தியத்தை வைத்தார். பணிவிடை, தொண்டு என்பது அதன் பொருள். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பைப் பாடசாலையில் பயின்றோர் இதனை நன்கறிவர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விடத்தில் அதிதி சம்விபாகம் என்ற பெயர் காணப்படுகிறது. அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயமோ வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆகவே தொண்டு என்பது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு அன்று. நோன்புக்கும் தியானத்திற்கும் அருகில் வைத்து எண்ணப்பட்ட தவம் என்று அறிக.

இங்கு ஓர் ஐயம் எழும். வையாவிருத்தியமும் அதிதி சம்விபாகமும் முதன்மையாக முனிவரையும் விரதியரையும் குறித்தவை அல்லவா? நம் தெருக்கோடியில் அரிசி ஆலையில் மூட்டை சுமக்கும் வடமாநிலத்துக் கூலியாளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஐயம் நியாயமானதே. பாத்திர தானத்திற்கு உரிய விதிகள் வேறு. அவற்றை இதனொடு கலத்தல் கூடாது. ஆயினும் ஆதிபுராணத்தில் ஜினசேனாசாரியார் ஈகையை நால்வகைப்படுத்திய முறையை நாம் நினைவுகூர வேண்டும். தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என்பன அவை. அருளுக்குரிய உயிர்களின் அச்சத்தைப் போக்குவது தயாதத்தி; தவத்தோர்க்கு ஈவது பாத்திரதத்தி; தம்மையொத்த அறத்தார்க்கு உதவுவது சமதத்தி; குடும்பப் பொறுப்பை மகனிடம் ஒப்படைப்பது அன்வயதத்தி. இந்நான்கனுள் தயாதத்தி முதற்கண் வைக்கப்பட்டதை நோக்குக. அங்கே பெறுபவரின் சமயமோ, குலமோ, உணவு முறையோ கேட்கப்படவில்லை.

இதனைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'அவர்கள் புலால் உண்பவர்கள். அவர்களுக்கு உதவுவது இம்சைக்குத் துணைபோவது ஆகாதா?' என்று நம் இல்லங்களில் கேட்போர் உளர். காய்ச்சலால் கிடப்பவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதிலும், பள்ளி அறியாத குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதிலும் எந்த இம்சைக்குத் துணைபோகிறோம்? கொடுக்கும் உணவு நம் அறத்திற்கு ஏற்றதாக இருக்கட்டும்; அது நம் உரிமை. பெறுபவனின் அடுக்களையை ஆராய்ந்த பின்னரே கொடுப்போம் என்பது கருணையின் இலக்கணத்தில் இல்லை.

தயாதத்திக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளே போதும். புகாரை விட்டுப் பொருளிழந்து, சொல்லாமற் கொள்ளாமல் வைகறையில் வெளியேறிய இருவர் அவருடைய பள்ளிக்கு வருகின்றனர். இக்காலத்துச் சொல்லில் கூறினால் அவர்கள் பிழைப்புத் தேடிப் புலம்பெயர்ந்தவர்கள். ஏன் புறப்பட்டீர், என்ன தவறு செய்தீர் என்று அடிகள் துருவித் துருவி வினவவில்லை. தாமும் மதுரைக்குச் செல்லும் விருப்பமுடையவராகையால் உடன் நடந்தார். வழியைப் பற்றி அவர் கூறும் எச்சரிக்கைகள் ஊன்றிப் படிக்கத்தக்கவை. சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் தவறும். வயல் வழியே சென்றால் வரப்பில் கிடக்கும் மலரில் வண்டு இருக்கும்; நீரோடையில் நண்டும் நத்தையும் இருக்கும்; அறியாமல் மிதித்துவிடலாம். கண்ணகியின் மெல்லடிக்கும் நத்தையின் ஓட்டிற்கும் ஒரே மூச்சில் கவலைப்படுகிறது அந்த உள்ளம். அகிம்சை என்பது விலக்கி நடத்தல் மட்டுமன்று, உடன் நடத்தலும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ?

வழியில் இருவர் இத்தம்பதியரை இழித்துப் பேசுகின்றனர். அடிகள் சினந்து அவர்களை நரிகளாகுமாறு சபிக்கிறார். அறியாது சொன்னார்கள், பொறுத்தருள வேண்டும் என்று இரந்தவர்கள் யார்? இழிக்கப்பட்ட கோவலனும் கண்ணகியுமே. சாபம் பன்னிரு திங்களாகக் குறைந்தது.

மதுரைப் புறஞ்சேரியை அடைந்தபின் அடிகள் செய்தது இன்னும் கருதத்தக்கது. துறவியர் வாழும் இடம் இல்லறத்தார் தங்குவதற்கு உரியதன்று. ஆகவே, இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பிய இடைக்குல முதுமகள் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். மாதரியின் மனைக்குரிய தெய்வம் மாயவன். அது தடையாகவில்லை. ஆயர் வாழ்க்கை கொடுமையற்றது, மாதரி தீதிலாள், இரக்கமுடையாள் என்பவற்றையே அடிகள் எண்ணினார். தாயாகவும் தோழியாகவும் காவலாகவும் இருந்து காப்பாயாக என்பதே அவர் கட்டளையின் பொருள்.

மாதரி அதனை நிறைவேற்றிய விதமே தொண்டர்க்கு முதற் பாடம். காவலுடைய சிறிய மனையொன்றைத் தனியே கொடுத்தாள். வந்தவர் சாவக நோன்பியர் என அறிந்து, அவர்கள் பகற்பொழுதிலேயே உண்ணும்படி புதிய கலங்களையும் அரிசியையும் காய்கனிகளையும் காலந்தாழ்த்தாது தரச் செய்தாள். தன் வீட்டில் சமைத்ததை ஒரு வட்டிலில் இட்டு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. விருந்தினரின் முறைமை என்ன என்று அறிந்து, அம்முறைப்படி அவர்கள் தாமே சமைத்துக்கொள்ள வழிசெய்தாள்.

இந்நுட்பம் 2020ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மறக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, மறுநாள் முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையும் கூலியும் ஒரே நாளில் நின்றன. சிறப்பு இரயில்கள் மே 1 அன்றே தொடங்கின; அவற்றில் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் ஊர் திரும்பினர். அதற்கு முன்னும் பின்னும் நெடுஞ்சாலைகளில் நடந்தே சென்றவர்களை நாம் அனைவரும் கண்டோம். இடைப்பட்ட நாள்களில் தமிழகத்திலும் கேரளத்திலும் முகாம்களில் சோறு வழங்கப்பட்டது. வழங்கியவர்களின் நன்னோக்கத்தில் குறையில்லை. ஆனால் கோதுமை மாவும் பருப்பும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் தந்தால் நாங்களே சமைத்துக்கொள்வோம் என்று தொழிலாளர் கேட்டனர். சிலர் அதனை நன்றிகெட்ட பேச்சு என்றனர். மாதரி அவ்வாறு சொல்லியிருப்பாளா? இரவில் உண்ணாமையையும் கிழங்கு விலக்குதலையும் தம் பயணங்களில் பிறர் மதிக்க வேண்டுமென எதிர்பார்க்கும் நமக்கு, பிறர் உணவு முறையை மதித்தல் எளிதில் விளங்க வேண்டும். கேரள அரசினர் இத்தொழிலாளரை 'அதிதி தொழிலாளி' என்றே வழங்குகின்றனர். திதி குறியாமல் வருபவர் என்னும் அச்சொல் நம் விரதத்தின் பெயரிலும் இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இனிப் பாடத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். கவுந்தியும் மாதரியும் இவ்வளவு செய்தும் கோவலன் கொலையுண்டான். ஏன்? ஊழ்வினை என்பது காப்பியத்தின் விடை, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வெளிப்படையான காரணம் ஒன்றும் உண்டு. கண்ணகியின் மாமனார் பெயரைக் கேட்டால் மதுரை வணிகர் எதிர்கொண்டு அழைத்துச் செல்வர், அதுவரை அடைக்கலம் என்றே அடிகள் கூறியிருந்தார். அந்த வணிகரைக் காணும் முன்னரே கோவலன் சிலம்பொடு தனியே நகருக்குள் சென்றான். பொற்கொல்லன் பழி சுமத்தியபோது 'இவனை நான் அறிவேன்' என்று சொல்ல அந்நகரில் ஒருவரும் இல்லை. உணவு இருந்தது, உறையுள் இருந்தது, அன்பு இருந்தது. சான்று சொல்வார் இல்லை. செய்தி அறிந்த மாதரி அடைக்கலம் இழந்தேன் என்று எரி புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். அடைக்கலப் பொருளை அவர்கள் எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இன்றைய வந்தேறித் தொழிலாளியின் துன்பமும் பெரும்பாலும் அதுவே. செய்யாற்றுத் தொழிற்பேட்டையிலோ திருப்பூரிலோ ஒரகடத்திலோ வேலைசெய்பவனுக்குக் கூலி கிடைக்கலாம். மொழி அறியாமையால் மருத்துவரிடம் நோயைச் சொல்ல இயலாது. கூலி குறைந்தால் யாரிடம் முறையிடுவது என்று அறியான். தெருவில் ஒரு பொருள் காணாமற் போனால் முதற் கண்ணோட்டம் அவன்மீதே விழும். 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்யான காட்சிகள் பரப்பப்பட்டன. எங்கோ நிகழ்ந்த வேறு சண்டைகளின் படங்கள் அவை. அவற்றை நம்பிப் பலர் மூட்டை கட்டினர். பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்துச் சென்றது. அந்நாள்களில் தேவைப்பட்டது அன்னதானமன்று. அண்டை வீட்டார் ஒருவர் சென்று, 'ஒன்றுமில்லை, நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்வது. நான்கு தானங்களுள் அபய தானம் எத்தகையது என்று வினவும் மாணவர்க்கு இதனினும் தெளிவான விளக்கம் நாம் அறியோம்.

ஆகார தானத்திலும் ஒரு மாறுதல் வேண்டும். பொட்டலம் கட்டிக் கொடுத்துப் படமெடுத்துக்கொள்வது ஒரு வேளைக்கு ஆகும். (படம் எடுப்பது யாருடைய பசிக்கு என்பது தனி வினா.) 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, 2022 ஜூனில் அசாமும் இணைந்ததும் நாடு முழுவதும் பரவியது. பீகாரிலோ ஒடிசாவிலோ முன்னுரிமைக் குடும்ப அட்டையில் பெயருள்ளவர், ஆதாரைக் கொண்டு விரல்ரேகை வைத்து நம் ஊர் நியாயவிலைக் கடையிலேயே தம் பங்கைப் பெறலாம். ஊரிலுள்ள குடும்பத்தார் தம் பங்கை அங்கே பெற்றுக்கொள்ளலாம். ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 ஜனவரி முதல் அதற்கு விலையும் இல்லை. இதனை அறியாத தொழிலாளர் பலர். அறிந்தும் கடைக்காரரிடம் சொல்லத் தெரியாதவர் பலர். ஒரு காலைப்பொழுது உடன் சென்று நின்றால் மாதந்தோறும் உணவு கிடைக்கும். ஆனால் அவருடைய ஆதார் அட்டையைத் தொண்டர் எவரும் தம் கையில் வைத்துக்கொள்ளலாகாது. வேலை முடிந்ததும் அங்கேயே திருப்பித் தருக.

ஔஷத தானத்திற்கும் இவ்வாறே. அரசு மருத்துவமனை எல்லோர்க்கும் திறந்திருக்கிறது, குறைவது மொழிபெயர்ப்பாளர். பெண்களின் நோய் பற்றிப் பேச நம் மாதர் சங்கத்தினர் உடன் செல்வதே முறை. சாஸ்திர தானம் என்பதைக் கல்வி தானமாகவும் கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைச் சேர்க்க மறுக்கவோ காலந்தாழ்த்தவோ கூடாது. செங்கற்சூளையில் விளையாடும் குழந்தையின் பெற்றோர் இதனை அறியமாட்டார்கள். தலைமையாசிரியர் பெரும்பாலும் அறிவார். பெற்றோரை அவரிடம் அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

சமதத்தியை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டா. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்தவர்கள் நாமே. ஊரில் ஜினாலயத்தருகே பூட்டிய வீடுகளுக்கிடையே முதியவர் ஒருவரோ இருவரோ எஞ்சியிருக்கின்றனர். பகலிலேயே உணவை முடிக்கும் நோன்புடைய மூதாட்டிக்கு மாலை ஐந்து மணிக்குள் சமைத்துத் தர ஆளில்லை என்பது வெளியாருக்கு விளங்காத துன்பம். அங்கே அண்டையில் இருப்பவர் எக்குலத்தவராயினும் அவரே நமக்கு மாதரி. விழாவுக்கு ஊர் செல்லும்போது அவர்களை நாம் விசாரிக்கிறோமா?

தொண்டில் இறங்கும் இளைஞர்க்கு மொழி ஒரு தடையாகத் தோன்றும். நம்மவருள் சாஸ்திரம் படிப்பதற்காகவே இந்தி பயின்ற பெரியோர் பலர். இந்தி பிரசார சபையின் தேர்வுகளை எழுதியோரும் குறைவல்லர். அவர்களை இதற்கு அழைக்கலாம். சம்மேத சிகரத்தில் 27 கிலோமீட்டர் மலைவலத்தில் நம் முதியோரை டோலியில் சுமந்து சென்ற கைகள் ஜார்க்கண்டு மாநிலத்தவை. அம்மலை இருக்கும் கிரிடீ மாவட்டத்து இளைஞர்கள் வேலை தேடி நாடெங்கும் செல்கின்றனர். வாசுபூஜ்யர் முக்தி பெற்ற சம்பாபுரி இன்றைய பாகல்பூரை அடுத்தது. புதிதாக வந்தவரிடம் என்ன பேசுவது என்று தயங்குவோர் முதலில் ஊர்ப் பெயரைக் கேட்கலாம். பீகாரிலிருந்து வந்தவரென்றால் பாவாபுரிக்குச் சென்று வந்ததைச் சொல்லலாம். நாலந்தா மாவட்டத்தார் ஒருவர் அக்கூட்டத்தில் இருந்தால், தாமரைக் குளத்து நடுவே நிற்கும் ஜலமந்திரைப் பற்றி அவரே மேற்கொண்டு சொல்லத் தொடங்குவார்.