ஐந்து அங்குலத் தீர்மானம்

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களும் குறைவு. வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிற எங்களைப் போன்றவர்களுக்குத் தையலறையைப் பிரித்துப்போட்டு ஒதுங்கவைக்க இதைவிடத் தோதான காலம் இல்லை. ஆவணி பிறந்தால் முகூர்த்த ஜாக்கெட்டுகள் வந்து குவியும். அதன் பின்னாலேயே தீபாவளி. மதுரையில் ஆடி வெயிலும் காற்றும் சேர்ந்தே இருப்பதால் துணிகளை மாடியில் காற்றாட விட்டு எடுக்கவும் முடிகிறது. ஐப்பசி மழையில் அது நடக்காது.

தையலறை நிறைவது வாங்கிய துணியால் மட்டும் அல்ல. ஒரு ஜாக்கெட் வெட்டினால் கழுத்தில், அக்குளில், கை வளைவில் என்று மிச்சம் விழுகிறது. நல்ல துணியாக இருக்கும், தூக்கிப்போட மனம் வராது. "எதுக்காவது ஆகும்" என்று ஒரு பையில் போடுகிறோம். பை நிறைந்ததும் இன்னொரு பை. எதற்கு ஆகும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்யாமல் விடுவதுதான் அறையை அடைக்கிறது. பல வருஷம் தைத்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: துண்டு கையில் இருக்கும்போதே அதன் வேலையைத் தீர்மானித்து, அந்த அளவுக்கு வெட்டி வைத்துவிட வேண்டும். அலமாரியும் டப்பாவும் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் யாருடைய துணி என்கிற கேள்வி. தைக்கக் கொடுத்த துணியில் விழுந்த மிச்சம் கொடுத்தவருக்குச் சொந்தம். ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்திக் கொடுத்துவிட வேண்டும். நாலு வருஷம் கழித்துப் பக்கவாட்டில் ஒட்டுக் கொடுத்துப் பெரிதாக்க அதே துண்டுதான் தேவைப்படும், வேறு எங்கே தேடினாலும் அந்த நிறம் கிடைக்காது. "அக்கா, மிச்சத்துணி எங்கே?" என்று அவர்களைக் கேட்கவைக்கக் கூடாது. அளவு ஜாக்கெட், துணி, லைனிங், வெட்டிய மிச்சம் நான்கும் ஒரே கவரில் இருக்கட்டும். கவரின் மேல் பெயர், கொடுக்கவேண்டிய தேதி. கவர்களைப் பெயர் வரிசையில் வைப்பதைவிடத் தேதி வரிசையில் கம்பியில் தொங்கவிடுவதுதான் நல்லது. காலையில் அறைக்குள் நுழைந்ததும் முதல் கொக்கியில் இருப்பதை எடுத்து உட்கார்ந்துவிடலாம். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே துண்டுத்துணி மூட்டை பாதியாகிவிடும்.

"வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க" என்று விட்டுப்போகிறவையும் நம் வீட்டுத் துணியும்தான் மீதி. அந்தப் பருத்தித் துண்டுகளுக்கு நான் வைத்திருக்கும் எல்லை 5 அங்குலம். 5 அங்குலச் சதுரம் விழுகிற துண்டு ஒட்டுப் போர்வைக்குப் போகும். அன்றைக்கே இஸ்திரி போட்டு, அட்டையை வைத்து வெட்டி, டப்பாவில் போட்டுவிட வேண்டும். சதுரம் விழாமல் நீளவாக்கில் இருந்தால் இரண்டரை அங்குலப் பட்டை, அது போர்வையின் விளிம்புக்கு. அதுவும் விழாத நறுக்குகள் திண்டுக்கும் ஊசி குத்தும் மெத்தைக்கும் திணிப்பு. நான்காவதாக ஒரு வகை வைத்துக்கொண்டால் பழைய பை திரும்பி வந்துவிடும்.

ஏன் 5 என்றால் கணக்கு சுலபம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை அங்குலச் சதுரம் நிற்கும். அகலத்தில் 14, நீளத்தில் 20 சதுரம் வைத்தால் 63க்கு 90 அங்குலம். ஒரு ஆள் கால் முதல் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தாராளம். ஆக மொத்தம் 280 சதுரம். பத்துப் பத்தாக அடுக்கி நூலால் கட்டிவைத்தால் 28 கட்டு. டப்பாவைத் திறந்து கட்டுகளை எண்ணினால் போர்வைக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். வெட்டாமல் மூட்டையாக வைத்திருக்கும் துணியில் அது ஒருநாளும் தெரியாது. கூடவே, 28 கட்டு சேர்ந்ததும் சேர்ப்பதை நிறுத்திவிட்டுத் தைக்க உட்கார வேண்டும். டப்பா ஒன்றுதான், இரண்டாவது கிடையாது.

நம் ஊர் வீடுகளில் துணி சேர இன்னொரு வழி இருக்கிறது. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துணி. கொலுவுக்குப் போனால் ஒன்று, வரலட்சுமி நோன்புக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று. வாங்கியவர்கள் அடுத்த வீட்டில் வைத்துக் கொடுக்க, துணி வீடு வீடாகச் சுற்றும். மடிப்பு வெளுத்திருப்பதைப் பார்த்தாலே அது எத்தனை பீரோ பார்த்திருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் இருக்கும். நீளக் கை வைத்துத் தைக்கப் போதாது, சேலைக்கும் பொருந்தாது. அதனால் எல்லா வீட்டுப் பீரோவிலும் அடித்தட்டில் கிடக்கிறது.

அந்தத் துணியைப் பாரமாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. நல்லா இருக்கணும் என்று நினைத்துக் குங்குமத்தோடு கையில் கொடுத்தது. 36 அங்குல அகலம் இருந்தால் ஒரு ரவிக்கைத் துணியில் 42 சதுரம் விழும். ஏழு துணி இருந்தால் ஒரு போர்வையின் மேற்பக்கம் முடிந்தது. ஒரு நவராத்திரியில் வந்தவற்றையே சேர்த்து, எந்தத் துணி யார் வீட்டில் கொடுத்தது என்று சொல்லிச் சொல்லித் தைக்கலாம். புதுக் கஞ்சி இருக்கும் என்பதால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். லைனிங் துணிக்கும் இதே விதிதான். நனைக்காத லைனிங் முதல் சலவையில் சுருங்கி ஜாக்கெட்டையே இழுத்துக்கொள்ளும்.

துணிகளை நிறம் நிறமாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேலைக்கு உதவுவது நூல்வகைப்படி பிரிப்பதுதான்: பருத்தி ஒரு பக்கம், பட்டு ஒரு பக்கம், பாலியெஸ்டர் ஒரு பக்கம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும் துணிக்கு நெருப்புச் சோதனை இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும். பட்டு என்றால் முடி கருகும் வாடை, நசுக்கினால் பொடியாகும் கரி. பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். இது வெறும் அறிவுக்காகச் செய்கிற வேலை இல்லை. மிச்சத்துணியில் அடுப்படிக்குப் பிடிதுணி தைக்கிறோமே, அதில் பாலியெஸ்டர் ஒரு மடிப்பு இருந்தாலும் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். பிடிதுணிக்கு முழுப் பருத்தி மட்டும்தான். துடைக்கும் துணிக்கும் அப்படித்தான், பாலியெஸ்டர் தண்ணீரை இழுக்காது.

போர்வை என்றால் உள்ளே என்ன வைப்பது? கடையில் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட்டாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர் வெயிலுக்குப் பழைய பருத்திச் சேலையை இரண்டு மூன்று மடிப்பாக வைத்துத் தைப்பதையே நான் விரும்புகிறேன். வங்காளத்துக் காந்தா, மகாராஷ்டிரத்து கோதடி, கர்நாடகத்துக் கவுதி எல்லாமே கட்டி நைந்த சேலை வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உண்டானவைதான். மதுரைக்காரர்களுக்குச் சுங்குடி இருக்கிறது. கட்டிக் கட்டித் துவைத்த சுங்குடியின் மென்மை எந்தப் புதுத்துணியிலும் வராது. இரண்டு சோதனை மட்டும் தவறக் கூடாது. வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஏறினால் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசி எடுத்த பிறகுதான் மற்றதோடு சேர்க்கலாம். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் துணியை எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நூல் விலகிக் கண்ணாடியாகத் தெரிகிற இடம் மேற்பக்கத்துக்கு ஆகாது, உள்மடிப்புக்கு ஆகும். பெரும்பாலும் உட்காரும் இடமும் கீழ்க்கரையும்தான் முதலில் நையும். முந்தானை கடைசிவரை கெட்டியாக நிற்கும்.

முந்தானையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. தவறிப்போன அம்மாவின் சேலைகளைப் போர்வையாக்கித் தரச்சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. எங்கள் தெருப் பெண் ஒருத்தி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "மதினி, அம்மா சேலையில கத்தரிக்கோல் வைக்கணும்னு நெனச்சாலே கை நடுங்குது" என்றாள். "முந்தானைய வெட்டவே வேணாம். முழுசா நடுவுல வச்சு, சுத்தி மத்த சேலையச் சேத்துத் தச்சுத் தாறேன்" என்றேன். அவள் உட்கார்ந்து எது நடுவில், எது ஓரத்தில் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் தொடவே கூடாது. ஒரு வருஷம் தொடாத பொருளைத் தூக்கிப்போடு என்று ஒதுங்கவைக்கும் யோசனை சொல்கிறவர்கள் சொல்வார்கள். இந்த மூட்டைகளுக்கு அந்த விதியைப் போடக் கூடாது என்பது என் தீர்மானமான எண்ணம். இவை தனித் தட்டில், வெள்ளைத் துணியில் கட்டி, பெயர்ச்சீட்டோடு இருக்க வேண்டும். ஒரு துண்டுகூட வேறு போர்வைக்குப் போகக் கூடாது.

வெள்ளைத் துணி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளி ஜரிகையைக் கறுப்பாக்கிவிடும். பட்டுத்துணியை மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும் என்பதால் பிரித்து மாற்றி மடிக்க வேண்டும். பூச்சிக்கு நான் வைப்பது துணியில் முடிந்த வசம்பு. நாப்தலின் உருண்டையைக் குழந்தைத் துணி இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு நாப்தலின் வாடை ஏறிய துணியால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது. வளைகாப்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்று நாம் தைத்துக் கொடுக்கிற சின்னப் போர்வைகள் இந்த அறையிலிருந்துதான் போகின்றன.

அறையின் அமைப்புக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. மிஷினின் உடல் வலது கைப்பக்கம் இருப்பதால் ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் ஊசி மேல் நிழல் விழாது. வெட்டும் மேஜை 36 அங்குல உயரத்தில், நின்றபடி வெட்டும்படி இருந்தால் இடுப்பு பிழைக்கும். இஸ்திரிப் பலகை மிஷினிலிருந்து இரண்டு எட்டில். முழுத்துணிகளை ஒரே அளவு அட்டைகளில் சுற்றிப் புத்தகம்போல் நிறுத்திவைத்தால் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ளதைக் கலைக்க வேண்டாம். நூல்கண்டுகளைச் சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டுவது கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் வெயிலும் தூசியும் நூலைக் கெடுக்கும். மூடி போட்ட டப்பாதான் சரி. பழைய நூலை இரு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், சட்டென்று அறுந்தால் அது குப்பைக்கு. எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. அந்த நூலில் போட்ட தையல் யாரோ ஒருவருடைய விசேஷத்தன்று பிரியும்.

ஊசிக்கு ஒரு வார்த்தை. மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, பல மடிப்புள்ள போர்வைக்கு 16. உறையில் 90/14 என்று போட்டிருந்தால் 90 என்பது ஊசியின் தடிமன், 0.9 மில்லிமீட்டர். உறையிலிருந்து எடுத்துவிட்டால் எது எந்த நம்பர் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஊசி மெத்தையில் பேனாவால் மூன்று கட்டம் போட்டு நம்பர் எழுதி, அந்தந்தக் கட்டத்தில் குத்திவைக்க வேண்டும். முறிந்த ஊசிகள் மூடி போட்ட மாத்திரைக் குப்பிக்கு. தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று போதும். மிஷினுக்கு மிஷின் எண்ணெய் மட்டும்தான். தேங்காயெண்ணெய் நாளாக ஆகப் பிசின்போல் இறுகிவிடும்.

கடைசியாக, பாதியில் நிற்கிற வேலைகள். எல்லாத் தையலறையிலும் இருக்கும், இருக்கலாம். ஒவ்வொரு கவரிலும் ஒரு சீட்டு வேண்டும், அதில் என்ன தைக்கிறோம் என்பதைவிட அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். "கை வைக்கணும்." "பைப்பிங்குக்கு மாம்பழ மஞ்சள் வேணும்." நின்றதற்குக் காரணம் பாதி நேரம் ஒரு நூல்கண்டாகவோ ஒரு டஜன் கொக்கியாகவோதான் இருக்கும். நான் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொரு துணியிலும் விரலகல நறுக்கை ஒரு அட்டையில் ஒட்டிக்கொண்டு கடைக்குப் போவேன். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே முன்பு இருந்த தையல் சாமான் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே லேஸும் ரிப்பனும் பார்த்தால் எதையும் வாங்கத் தோன்றும். அட்டையில் நறுக்கு இருப்பதற்கு மட்டும் நூல் வாங்குகிறேன், வந்த அன்றைக்கே அந்தந்தக் கவரில் போட்டுவிடுகிறேன்.