முகத்தைக் கெடுப்பது வெயில். அதைவிடக் கெடுப்பது வெள்ளைக் கிரீம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் சிறுநீரகம், இருதயம், பிரசவம் இவைதான் அதிகம். தோலுக்காக யாரும் மனு எழுதுவதில்லை. சென்ற மாதம் ஒரு தாயார் எழுதிக்கொண்டு வந்தார். மகளுக்கு 24 வயது. மகள் வரவில்லை, வெளியே வரவே கூச்சப்படுகிறாளாம். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "எல்லாம் சரிதான், நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து உறவினர் ஒருவர் பெட்டியில் போட்டு அனுப்பிய கிரீமை அந்தப் பெண் இரவு தோறும் பூசியிருக்கிறாள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று வெளுத்தது. ஆறு மாதத்தில் கன்னம் சிவந்து, தோல் காகிதம் போல மெலிந்து, உள்ளிருக்கும் நரம்புகள் வலைபோலத் தெரிய ஆரம்பித்தன. வெயிலில் நின்றால் எரிச்சல். "இருபத்து நாலு வயசுல நாப்பது வயசுக்காரி முகம் ஆகிப்போச்சு" என்று அந்த உம்மா அழுதார்.

தாயார் கொண்டு வந்த டியூப் என் மேசை மேல் இருக்கிறது. அதில் தயாரித்தவர் முகவரி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. இந்த இதழில் இதைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

இளம் வயதில் முகம் முதிர்வதற்கு வெயில்தான் முதல் காரணம் என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவோம். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரத நார். இருபது வயதைத் தாண்டியதும் அது ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. இது இயற்கை, யாராலும் தடுக்க முடியாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இந்த நாரை வேகமாக அறுக்கின்றன, நிறமியையும் கிளறிவிடுகின்றன. வெள்ளைக்காரர்களுக்கு முதலில் சுருக்கம் விழும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு முதலில் வருவது மங்கு, திட்டுத் திட்டான கருமை, நெற்றியிலும் கன்னத்திலும் நிறம் ஒட்டாமல் நிற்பது. சுருக்கம் அதற்குப் பிறகுதான். கறுத்த தோல் குறையல்ல, அது அல்லாஹ் கொடுத்த குடை. அந்தக் குடையைத்தான் நாம் கிரீம் போட்டுக் கிழிக்கிறோம்.

தென்காசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறை, ஆவணி நடுவில் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. சித்திரை வெயிலுக்கு எல்லோரும் பயப்படுகிறோம். ஆனி, ஆடி, ஆவணியில் குற்றாலத்துச் சாரலும் பொதிகைக் காற்றும் இருப்பதால் வெயிலே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிர் கீழே வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் சூடு தெரியாது, தோலுக்கு அடி விழும். ஐந்தருவிப் பாதையில் நாள் முழுக்க நின்று பழம் விற்கும் தம்பிகளைப் பாருங்கள், சீசன் முடிவதற்குள் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று.

ஓட்டுநர் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. 2012-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியாகி உலகமெங்கும் பேசப்பட்டது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய முகத்தின் இடப்பாதி மட்டும் தொங்கி, சுருங்கி, வலப்பாதியைவிடப் பல வயது கூடியது போலத் தெரிந்தது. தோலின் ஆழத்துக்குப் போகும் ஒரு வகைக் கதிரைச் சாதாரணப் பக்கக் கண்ணாடி தடுப்பதில்லை என்பதே காரணம். நமக்கு இருக்கை வலப்பக்கம். செங்கோட்டை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் தங்கள் வலக் கன்னத்தையும் வலக்கையையும் கண்ணாடியில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வளைகுடாவில் வெளிவேலை செய்யும் பிள்ளைகளுக்கு அமீரகத்திலும் சவூதியிலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் நேரத்தில் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த மூன்று மாதம் போக மீதி நாட்களில் தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும்தான் காவல். பீடி, சிகரெட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. புகை தோலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கும், கொலாஜனை அறுக்கும், உதட்டைச் சுற்றிக் கோடு விழவைக்கும். இதற்கு மேல் பூச எந்தக் கிரீமும் கிடையாது.

தடுப்பதற்குச் செலவு அதிகமில்லை. காலை பத்து மணியிலிருந்து அஸர் பாங்கு வரை நேர் வெயிலைக் குறைத்துக்கொள்வது முதல் வைத்தியம். நிழல், குடை, அகல விளிம்புத் தொப்பி, நெருக்கமாக நெய்த துணி. மெல்லிய வெள்ளைச் சட்டை, அதுவும் வேர்வையில் நனைந்தது, நாம் நினைக்கிற அளவு காப்பதில்லை. நம் பாட்டிமார் குடை பிடித்துக்கொண்டுதான் பக்கத்துத் தெருவுக்கும் போவார்கள். அதைக் கேலி செய்த தலைமுறை என்னுடையது.

அடுத்தது சன்ஸ்கிரீன். இதைப் பகட்டு என்று நினைக்கும் பெரியவர்கள் உண்டு, நானும் நினைத்தவன்தான். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவு 2013-இல் வெளியானது. டப்பாவில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், கூடவே பி.ஏ. மூன்று கூட்டல் குறி இருந்தால் போதும். விலை கூடியது வேண்டாம். ஆனால் அளவு வேண்டும்: முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் டப்பாவில் போட்ட எண் உண்மையாகும். பொட்டு வைத்தது போல் தடவிவிட்டு "பலனில்லை" என்பதில் பயனில்லை. மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறம் கலந்து வருகிற சன்ஸ்கிரீன் கூடுதலாக உதவும்.

ஒளு கூடுமா என்று சகோதரிகள் கேட்கிறார்கள். தண்ணீர் தோலில் படவேண்டும் என்பதே விஷயம். நீர் ஒட்டாத தடித்த வகையாக இருந்தால் முகத்தைக் கழுவிவிட்டு ஒளு செய்து மறுபடி பூசிக்கொள்ளுங்கள். எப்படியும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பூசவேண்டிய பொருள்தானே. சந்தேகம் இருந்தால் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒளுவுக்கும் சோப்புப் போடும் வழக்கத்தை மட்டும் விடுங்கள். ஐந்து வேளை சோப்பு தோலின் எண்ணெயைத் துடைத்து வறட்டிவிடும், வறண்ட தோலில் கோடு சீக்கிரம் தெரியும். வெறும் தண்ணீர் போதும்.

வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிடவும் வேண்டாம். நம் பெண்களில் பலருக்கு வைட்டமின் டி குறைவு, கால் வலி, இடுப்பு வலி. மாடியில் கை கால்களில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும், முகத்தை மூடிக்கொண்டால் போயிற்று.

இனி கிரீமுக்கு வருகிறேன்.

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல் நம்மவர்களுக்கு வைத்தியத்துக்காகத் தெரிந்த ஊர். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியின் சவ்வு கெட்டுப் புரதம் ஒழுகும் ஒரு நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது நெல்-1 என்ற அபூர்வ வகை. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீம்களில் பாதரசம் இருந்தது. ஒருவருக்கு மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துபோனது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் குணமானார்கள், அல்ஹம்துலில்லாஹ். இது சர்வதேச சிறுநீரக மருத்துவ இதழிலேயே வெளியாகிவிட்டது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயரிட்டுக் கடைகளைச் சோதனை போட்டது. மலைக்கு அந்தப் பக்கம் விற்பது இந்தப் பக்கம் வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆரியங்காவு சோதனைச் சாவடியில் யாரும் கைப்பையைத் திறந்து கிரீம் தேடுவதில்லை.

பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது. தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். ஆவியாகவும் வரும் என்பதால் பூசாத குழந்தைக்கும் தீங்கு. நம் நாட்டு 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, தவிர்க்க முடியாமல் கலந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களுக்கு மட்டும் வேறு அளவு. டப்பாவில் மெர்குரி, மெர்குரஸ், கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் தொடவேண்டாம். "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தாலும் பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது நகையோடு ஒட்டும்.

இன்னொரு வகை நம் ஊர் மெடிக்கலிலேயே கிடைப்பது. டாக்டர் சீட்டு இல்லாமல், பக்கத்து வீட்டு லாத்தா சொன்னதற்காக வாங்குவது. படை, சொறிக்கு டாக்டர்கள் சில நாட்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பு அது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர்கள் இருக்கும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், பரு கொட்டும், பெண்பிள்ளைகளுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்னைவிட எரியும், அதனால் மறுபடி பூசுவார்கள். அந்த 24 வயதுப் பெண்ணின் முகத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று மருத்துவர் சொன்னார். 2018 மார்ச்சில் மத்திய அரசு இத்தகைய 14 களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரச் சகோதரர்களிடம் நான் கேட்பது இதை மட்டும்தான்: இளம்பெண் வந்து கேட்டால் சீட்டு எங்கே என்று கேளுங்கள். அது வியாபாரத்தைக் கெடுக்காது. ஹைட்ரோகுயினோன் என்ற மருந்தும் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் நீண்ட நாள் பூசினால், வெளுக்க வேண்டிய இடம் நீலம் பாய்ந்து கறுத்துவிடும்.

அப்படியானால் ஏற்கெனவே விழுந்த கோட்டுக்கும் மங்குக்கும் மருந்தே இல்லையா? இருக்கிறது. டிரெடினாயின் என்ற மருந்து பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது, கொலாஜனை மறுபடி வளர்க்கும். இரவில் பட்டாணி அளவு, மாதக்கணக்கில், டாக்டர் சொன்னபடி. முதலில் தோல் உரியும், பொறுமை வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் தொடக்கூடாது, ஆகவே நிக்காஹ் நெருங்கியவர்கள் இதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். கர்ப்பத்தில் வரும் மங்கு பல பேருக்குப் பிரசவத்துக்குப் பின் தானே குறையும்.

பிள்ளைகளின் பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள். அது வெயிலும் அல்ல, வயதும் அல்ல. பெரும்பாலும் உடல் எடையும் இன்சுலின் கோளாறும்தான். சர்க்கரை நோய் வரப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு அது. சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள், எடை குறைந்தால் கருமையும் குறையும்.

சம்பந்தம் பேசப் போகிற பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. தீன் எப்படி, குணம் எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியில் "நிறம் எப்படி" என்று நாம் கேட்கும் கேள்வியிலிருந்துதான் இந்த டியூப் வாங்கப்படுகிறது. நானும் இரண்டு சம்பந்தங்களில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்கவிட்டிருக்கிறேன்.

வெள்ளைக் கிரீம் பூசி வருகிறவர்கள், ஸ்டீராய்டாக இருக்கலாம் என்பதால், எப்படி நிறுத்துவது என்று உடனே தோல் மருத்துவரிடம் கேளுங்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பாதரசம் என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். காலையில் முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால் அதே நாளில் சிறுநீரில் புரதம் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பஸ் செலவுக்குச் சிரமப்படுகிறவர்கள் ஞாயிறு அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சகோதரிகள் வந்தால் பேசுவதற்கு நம் மகளிர் குழுவினர் இருப்பார்கள், பெயர் எங்கும் எழுதப்படாது. டாக்டரிடம் போகும்போது டியூபைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், அட்டைப்பெட்டி இருந்தால் அதையும்.