இறக்கை மேல் ஒரு மூடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டு கராஜிலேயே சிறிய விமானம் கட்டிப் பறப்பவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973-ல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. விமானங்கள் அவர்களிடையே மிகப் பிரபலம். இவற்றில் பெரும்பாலானவற்றின் பெட்ரோல் டாங்க் இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. அதன் மூடியைப் பற்றி உலவும் சில தவறான எண்ணங்கள் உயிருக்கே ஆபத்தானவை.

நம்பிக்கை: மூடி வெறும் தூசித் தடுப்பு.

பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. மூடி சரியாக உட்காராவிட்டால் அந்தக் குறைந்த அழுத்தமே பெட்ரோலை வெளியே இழுத்துவிடும். தரையிறங்கிய பின் மூடிக்குப் பின்னால் நீலக் கறை நீண்டிருந்தால் காரணம் இதுதான்.

நம்பிக்கை: டாங்கில் தண்ணீர் சேர்வது காற்றின் ஈரத்தால். நிரப்பி வைத்தால் போதும்.

ஈரம் குளிர்ந்து நீராவது உண்மைதான். ஆனால் வெட்டவெளியில் நின்ற விமானத்தில் மழைக்குப் பிறகு தண்ணீர் வந்தால், முதலில் மூடியைச் சந்தேகியுங்கள். இந்த மூடி இறக்கையோடு சமமாகப் பதிந்திருக்கும். நடுவில் ஒரு பள்ளம், அதில் மடங்கிக் கிடக்கும் கைப்பிடி. மழை நின்றதும் பார்த்தால் பள்ளத்தில் நீர் தேங்கியிருக்கும். மூடியைச் சுற்றியுள்ள பெரிய ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, பலரும் தவறாமல் மாற்றுகிறார்கள். ஆனால் கைப்பிடியின் தண்டு மூடிக்குள் இறங்கும் இடத்தில் சின்னதாக இன்னொரு ஓ-ரிங் இருக்கிறது. அதை மறந்துவிடுகிறார்கள். அது காய்ந்து வெடித்தால், பள்ளத்து நீர் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக டாங்குக்குள் இறங்கும். சோதிப்பது சுலபம். மூடியைக் கையில் எடுத்து, கைப்பிடியை மடக்கிப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் ஈரம் தெரிந்தால் ரிங் போய்விட்டது என்று அர்த்தம். ஆண்டுப் பரிசோதனையின்போது இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நம்பிக்கை: எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாதுகாப்பு.

அதிக இறுக்கம் ரிங்கை நசுக்கிக் கெடுக்கும். கைப்பிடியை விரலால் தூக்க முடியாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்புவார்கள், பெயின்ட் பெயரும். மூடியின் அடியிலுள்ள நட்டைச் சிறிது சிறிதாகத் திருகிப் பாருங்கள். விரலால் திறக்க வேண்டும், ஆனால் மூடிய பின் அசையக் கூடாது. அதுதான் சரியான அளவு.

நம்பிக்கை: கடையில் கிடைக்கும் எந்த ரப்பரும் கிரீஸும் போதும்.

இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊதிப்போகும். நைட்ரைல் அல்லது ஃபுளோரோசிலிக்கோன் ரிங்தான் வேண்டும், அளவும் துல்லியமாக இருக்க வேண்டும். சாதாரண கிரீஸைப் பெட்ரோல் கரைத்துவிடும். பெட்ரோலில் கரையாத மசகைத்தான் பூச வேண்டும், அதுவும் மெல்லிய படலமாக.

நம்பிக்கை: எல்லா மூடியிலும் காற்றுத் துளை இருக்க வேண்டும்.

சில செஸ்னா விமானங்களின் மூடியில் காற்று வழி உண்டு. ஆர்.வி.யில் அதற்குத் தனிக் குழாய் இருப்பதால் மூடி காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். மூடியில் துளை போடவே போடாதீர்கள்.

எந்த மூடியாக இருந்தாலும், பறப்பதற்கு முன் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில்தான் தங்கும். குப்பியில் நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தால் சுத்தமான பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் நிறம் நீலம். குப்பியில் நீலமே தெரியாவிட்டால், அதில் இருப்பது முழுக்கத் தண்ணீராக இருக்கலாம்.