ஐந்தாண்டு கழித்து என்ன மிஞ்சியது?

அன்புள்ள தம்பி,

திசுப் பொறியியல் படிப்பை முடித்து, செல் வளர்ப்புக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். மகிழ்ச்சி. மரபணுவைத் திருத்துகிறார்கள், பன்றியின் இதயத்தை மனிதனுக்குப் பொருத்துகிறார்கள், இந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பது என்று கேட்டிருந்தாய். உன்னைப் போலப் பலரும் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். வேகத்தைப் பற்றி அலட்டிக்கொள்ளாதே. பொருத்திய அன்று கைதட்டுவதற்கு ஆள் இருப்பார்கள். ஐந்தாண்டு கழித்து அதில் என்ன மிஞ்சியது என்று பார்க்க நீ பழகிக்கொள்.

தோலையே எடுத்துக்கொள். 2015இல் ஜெர்மனியின் போஹும் நகரில், தீக்காயப் பிரிவொன்றில் ஏழு வயதுச் சிறுவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். மேல்தோலை அடித்தோலோடு பிடித்துவைக்கும் புரதத்துக்கான லேம்பி3 மரபணு அவனுக்குப் பிறவியிலேயே பழுது. லேசாக உரசினாலே தோல் கொப்புளித்துக் கழன்றுவிடும். இத்தாலியின் மொடேனாவிலிருந்த மிக்கேலே டி லூக்காவின் குழு, கொப்புளம் காணாத ஓரிடத்திலிருந்து சுமார் 4 சதுர சென்டிமீட்டர் தோலை வாங்கி, அதன் செல்களுக்குள் நல்ல மரபணுவை வைரஸ் வழியாகச் செலுத்தி, தாள் தாளாக வளர்த்து அனுப்பியது. அவன் மேல்தோலில் ஏறத்தாழ 80 விழுக்காடு புதிதாயிற்று. 2016 பிப்ரவரியில் வீடு திரும்பினான். 2021இல் வெளியான ஐந்தாண்டுக் கண்காணிப்பிலும் அந்தத் தோல் உறுதியாகவே இருந்தது.

எப்படி நிலைத்தது? மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. நீ ஒட்டும் செல்களில் பெரும்பாலானவை கொஞ்ச காலத்தில் உதிர்ந்துபோகும். 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும், எலிச் செல்களின் படுகைமேல் மனிதத் தோல் செல்களை வளர்க்கும் முறையைத் தந்தார்கள். 1987இல் கிரீனும் யான் பாராண்டோனும் அச்செல்களில் மூன்று வகை உண்டு என்று காட்டினார்கள். பாராகுளோன் சில சுற்றுகளில் ஓய்ந்துவிடும், மெரோகுளோன் இடைப்பட்டது, ஹோலோகுளோன்தான் விதைநெல். சிறுவனின் புதுத் தோலில் வைரஸ் நுழைந்த இடங்களை அடையாளமாக வைத்துத் தேடியபோது, அதைத் தாங்கி நிற்பவை ஹோலோகுளோன்களின் வாரிசுகளே என்று தெரிந்தது.

இனி உன் மேஜைக்கு வருவோம். காலையில் பிளாஸ்க்கை மைக்ராஸ்கோப்பில் வைக்கிறாய். காலனியின் கரை வட்டமாக, வழவழப்பாக இருந்து, உள்ளே சின்னச் செல்கள் நெருக்கியடித்து நின்றால் நல்லது. ஓரம் பிய்ந்து, செல்கள் தட்டையாகப் பரந்து கிடந்தால் அந்தக் கூட்டம் களைத்துவிட்டது. கண்ணை மட்டும் நம்பாதே. ஒற்றைச் செல்லை வளர்த்து, அதன் வாரிசுகளை மறுபடி விதைத்துப் பார். அவற்றில் முளைத்த காலனிகளில் ஓய்ந்துபோனவை 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால்தான் ஹோலோகுளோன். பிளாஸ்க் முழுக்க நிரம்பிய பிறகும் விட்டுவைக்காதே. இன்னும் இரண்டு பாசேஜ் (செல்களைப் பிரித்துப் புதிய பிளாஸ்க்கில் வளர்க்கும் சுற்று) ஓட்டினால் நாலு தாள் கூடுதலாகக் கிடைக்குமே என்றும் கணக்குப் போடாதே. தாள் கிடைக்கும், காயத்தில் ஒட்டவும் செய்யும், பிறகு உதிர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறானதையும் தெரிந்துகொள். 2011இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி, பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் எலும்புமஜ்ஜைச் செல்களை ஏற்றிப் பொருத்தினார். சில மாதங்களிலேயே 'லான்செட்' இதழில் கட்டுரை, உலகெங்கும் செய்தி. ரத்த நாளமில்லாத குழாயில் செல்கள் எதைக் கொண்டு பிழைக்கும் என்ற கேள்விக்கு, விலங்குச் சோதனையில் விடை கண்டபின் நடந்ததல்ல அது. அங்கே அந்தக் குழாய் பொருத்தப்பட்ட மூவருமே பின்னர் இறந்தார்கள். உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் அதே நிறுவனத்தின் நான்கு மருத்துவர்கள். நோயாளிகளின் கோப்புகளையும் கட்டுரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2014இல் புகார் கொடுத்தார்கள். 2018இல் லான்செட் அந்தக் கட்டுரையை விலக்கிக்கொண்டது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

நம் ஊரிலும் 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று பலகை மாட்டிய இடங்களிலிருந்து உனக்கு அழைப்பு வரும்; சம்பளமும் கூடுதலாக இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டு நெறிகளை முதலில் படி. எலும்புமஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, மற்றவை முறையான மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம் என்கின்றன அவை. சேரும் முன் மூன்று கேள்வி கேள். இது பதிவான சோதனையா? நோயாளி பணம் கட்டுகிறாரா? வீட்டுக்குப் போன நோயாளியை ஆண்டுதோறும் வரவழைத்துப் பார்ப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறும் இடத்தில் சேராதே. நல்ல இடம் என்றால், அந்தப் பொறுப்பை நீயே கேட்டு வாங்கு. புகழ் கிடைக்காத வேலைதான். ஆனாலும் நீ வளர்த்த செல் என்ன ஆயிற்று என்று உனக்கு வேறு எங்கும் தெரியவராது.

அன்புடன்,
இத்துறைக்கு உனக்கு முன் வந்த அண்ணன்